மகள் அனுப்பும் படங்களுக்கு நான் கதை கேட்கிறேன்

மண்டபம் கணக்குப்பிள்ளை கேட்டது:

வணக்கம். மண்டபத்தில் ஓர் ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகுக்கு எத்தனை கட்டி போனது, யார் யார் பாக்கி என்பதைத் தாண்டி எனக்குப் பெரிய எழுத்து வாசனை கிடையாது. மகள் சென்னையில் ஓவியம் படிக்கிறாள். முதல் ஆண்டு முழுவதும் பானையும் மடித்த துணியுமாக வரைந்து அனுப்பினாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். இந்த ஆண்டு மேற்கத்திய நவீன ஓவியம் பாடம் போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் படமாக வருகிறது. போன வாரம் வந்தது இது: மங்கிய வெள்ளையில் முட்டை வடிவம், அதற்குள் கறுப்பில் சின்னச் சின்னக் கோடுகள், கூட்டல் குறியும் கழித்தல் குறியுமாக. கீழே, "அப்பா, இது கடல்" என்று எழுதியிருந்தாள்.

கடலை எனக்குத் தெரியும். அலுவலக ஜன்னலைத் திறந்தால் அதுதான். கூட்டல் கழித்தலும் தெரியும், என் பிழைப்பே அதில்தான். இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பதுதான் பிடிபடவில்லை.

நான் படம் பார்க்கப் பழகியது ராமநாதபுரம் அரண்மனையில், ராமலிங்க விலாசத்தில். சிறுவயதில் அப்பா கூட்டிப்போவார். ஒரு சுவரின் முன் நிறுத்தி, இது யார், ஏன் யானை மேல் வருகிறார், எதிரே நிற்பவன் எந்த ஊர்க்காரன் என்று முழுக் கதையும் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த சுவருக்கு நகர்வார். அந்தப் பழக்கத்தில் மகளிடமும் "இதற்கு என்ன கதை?" என்று கேட்டேன். "கதை கேட்காதீர்கள் அப்பா, சும்மா பாருங்கள்" என்றாள். சும்மாதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள். ஏதாவது ஒரு படத்தைப் பற்றி அவளோடு பத்து நிமிடமாவது பேச வேண்டும். தலையாட்டிச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை. கதையாகச் சொன்னால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும். அது குறுக்குவழி என்றால், நேர்வழி எது என்று யாராவது சொல்லுங்கள்.

வெறும்பார்வை, ராமநாதபுரம்:

உங்கள் மகள் சொன்னதே சரி. ஓவியம் என்பது கோடு, நிறம், இடம், அவ்வளவுதான். நாதஸ்வரத்தில் தோடி ஆலாபனை கேட்கும்போது யாரும் "இதில் கதாநாயகன் யார்?" என்று கேட்பதில்லை. கதையைப் பிடித்துக்கொண்டு போனால் கதையைத்தான் பார்ப்பீர்கள், படத்தை அல்ல.

தொண்டி டிராயிங் மாஸ்டர்:

மேலே எழுதியவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதிக்காகத்தான் இந்த நீளமான பதில். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் என் பிரிவேளைகளைக் கணக்கு ஆசிரியர்கள் கடனாக வாங்குவார்கள். ஒரு கணக்கு ஆசிரியரும் அதைத் திருப்பித் தந்ததில்லை. ஆகவே ஒரு கணக்கர் என்னிடம் ஓவியம் கேட்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ராமலிங்க விலாசத்தை நீங்களே எடுத்துவிட்டீர்கள், நல்லதாயிற்று. அங்கே சேதுபதி தஞ்சை மராட்டியரோடு போர் செய்கிறார், ஐரோப்பியர்களை வரவேற்கிறார், ராமாயணமும் இருக்கிறது. கதை சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் அப்பா அதை விரலால் தொட்டுக் காட்டினார். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஏசு, மாதா, கிரேக்க தெய்வங்கள், முடிசூட்டு விழா, போர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஓவியர்கள் சிலர் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கத் தொடங்கினார்கள். உருவத்தை அப்படியே பிடிக்கக் கேமரா வந்துவிட்டது. 1841-இல் வெள்ளீயக் குழாயில் அடைத்த வண்ணம் வந்ததால் தெருவிலும் கடற்கரையிலும் நின்று வரையவும் வசதி ஏற்பட்டது. கதை சொல்லும் வேலை இல்லை என்றானதும், பார்ப்பது என்ற ஒன்றையே வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே படத்துக்குள் கதையைத் தேடாதீர்கள், அங்கே இருக்காது. படம் உண்டான கதையைக் கேளுங்கள். அந்த ஆள் எங்கே நின்றான், எதைப் பார்த்தான், எது அவனுக்கு வசப்படாமல் போக்குக் காட்டியது, அதற்கு என்ன தந்திரம் செய்தான். இந்தக் கதை உங்களைப் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மேலே எழுதிய நண்பர் பயப்படுகிற கதை வேறு, இது வேறு.

உங்கள் மகள் அனுப்பியது, நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், பியெட் மோண்ட்ரியான் 1915-இல் வரைந்த படம். துறைப்பாலமும் கடலும் என்பதுதான் அதன் பொருள். ஹாலந்துக்காரர், பாரிசில் குடியிருந்தவர். 1914 கோடையில் உடல்நலம் குன்றிய தந்தையைப் பார்க்கத் தாய்நாடு வந்தார். போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை, 1919 வரை அங்கேயே மாட்டிக்கொண்டார். டோம்பர்க் என்ற கடற்கரை ஊர் அவருக்குப் பழைய பழக்கம். அங்கே கடலுக்குள் நீளும் ஒரு மரத்துறை. அதன் எதிரே நின்று நோட்டில் கரிக்கோலால் வரைந்து தள்ளினார்.

இதற்கு முன் சில ஆண்டுகளாக அவர் மரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1911-இல் வரைந்த சாம்பல் நிற மரத்தில் கிளை கிளையாகத் தெரியும். 1912-இல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில் வளைகோடுகள் மட்டும் மிச்சம், மரம் காணாமல் போய்விடும். இந்த மூன்றையும் மகளிடம் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பாருங்கள். கடலுக்கு வரும்போது அவர் எதை உதறிவிட்டு வந்திருக்கிறார் என்பது நான் சொல்லாமலே விளங்கும்.

இனி உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் இரண்டு கடல் இருக்கிறது, அது ஒரு வசதி. வாடைக் காற்றில் வடக்குக் கடல் கலங்கிக் குதிக்கும், தெற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். தெற்குப் பக்கம் போங்கள். வெயில் சாயும் நேரத்தில், படகுகள் அணையும் ஜெட்டிப் பாலத்தின் தலைமாட்டில் நின்று, அது நேராக உங்களை விட்டு ஓடும்படி பாருங்கள். கண்ணைப் பாதி மூடுங்கள். படகும் மனிதர்களும் மறைந்துவிடுவார்கள். அலை முதுகுகள் கிடைக்கோடாகத் தெரியும். வெளிச்சம் தண்ணீரில் விழும் இடங்களில் நெடுக்காக வெட்டும். காலடியிலிருந்து போகும் ஜெட்டி மட்டும் சற்று நீளமான நெடுக்குக் கோடுகளாக நிற்கும். இப்போது போனை எடுத்து அந்தப் படத்தின் அடிப்பகுதியில், நடுவில் பாருங்கள். மற்ற இடங்களைவிட நீளமான நெடுக்குக் கோடுகள் அங்கே இருக்கும். அவர் நின்ற இடம் அதுதான்.

இன்னொரு படம் சொல்கிறேன், இதைக் கையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கிளாட் மோனே 1872-இல் லே ஆவ்ர் துறைமுகத்தில், விடுதி ஜன்னலிலிருந்து வரைந்த சூரிய உதயம். பனிமூட்டம், புகைபோக்கி, பாரந்தூக்கி, முன்னால் ஒரு சிறு படகு, மேலே ஆரஞ்சு வட்டமாகச் சூரியன். 1874-இல் பாரிசில் ஒரு புகைப்படக்காரர் காலிசெய்த கூடத்தில் இதைத் தொங்கவிட்டபோது, சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தின் அரைகுறை நிலைகூட இதைவிட முடிவடைந்ததாக இருக்கும் என்று ஒரு பத்திரிகைக்காரர் நக்கலடித்தார். அதை விடுங்கள். அந்தப் படத்தைப் போனில் இறக்கி, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும்! சுற்றியுள்ள வானத்துக்கும் அதற்கும் வெளிச்ச அளவு ஒன்றே. நிறம்தான் வேறு. நம் பார்வையில் நிறத்தைப் பிரிக்கும் பகுதி வேறு, வெளிச்சத்தை அளக்கும் பகுதி வேறு. ஒன்று "சூரியன் இருக்கிறது" என்கிறது, இன்னொன்று "இல்லை" என்கிறது. அது துடிப்பதாகத் தோன்றுவது அதனால்தான் என்று கண்ணையும் மூளையையும் ஆராய்பவர்கள் விளக்குகிறார்கள். மோனேயிடம் இந்த விளக்கம் ஏதும் இல்லை. கலவைத் தட்டும் பிடிவாதமும் மட்டும் இருந்தன.

முறை ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். முதலில் கதை கேட்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள், எரிச்சல் வந்தாலும் பாருங்கள். பிறகு கதை. பிறகு மறுபடி படம். கதையோடு எழுந்து போய்விடுகிறவர்கள்தான் கெட்டார்கள்.

பாம்பன் நாட்டுப்படகு:

மாஸ்டர் கடல் படம் இரண்டு சொன்னார், எங்கள் ஆளை விட்டுவிட்டார். வான்கோ 1888 ஜூனில் ஆர்ல் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போய்ச் சில நாள் தங்கினார். அங்கிருந்து தம்பிக்கு எழுதிய கடிதத்தில் கடலின் நிறம் கானாங்கெளுத்தியின் நிறம் என்கிறார். பச்சையா ஊதாவா என்று சொல்ல முடியவில்லை, நீலம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அடுத்த நொடி வெளிச்சம் மாறி இளஞ்சிவப்போ சாம்பலோ தட்டுகிறது என்கிறார். வலையிலிருந்து இப்போதுதான் எடுத்த கானாங்கெளுத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஐஸில் போட்டுவிட்டால் அந்த நிறம் போய்விடும், கணக்குப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மணலில் ஏற்றிய படகுகளை அவர் தினமும் பார்த்திருக்கிறார், வரைய முடியவில்லை. விடிவதற்குள் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். கடைசியாக ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று அதிகாலையில் போய், படகுகள் இறங்குவதற்குள் கோட்டுச் சித்திரமாகப் போட்டுக்கொண்டு வந்து, ஆர்லில் வைத்து வண்ணத்தில் வரைந்தார். படத்தில் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் படகுகள் மணலில் கிடக்கின்றன, பின்னால் சில ஏற்கெனவே பாய் விரித்துப் போய்க்கொண்டிருக்கின்றன. கரையில் கிடப்பவை அன்றைக்குப் பிந்தியவை. எனக்கு அந்தப் படத்தில் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

கீழக்கரை உம்மா:

மாஸ்டர் ஐயாவோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கதை பார்வைக்கு உதவும் என்கிறீர்கள், சரி. ஆனால் எந்தக் கதை பரவுகிறது என்று பாருங்கள். வான்கோ என்றால் அவர் தானே அறுத்துக்கொண்ட காது. என் மகனின் பள்ளித் தோழர்களுக்கு அவருடைய படம் ஒன்றுகூடத் தெரியாது, காது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ நியூயார்க்கில் ஓர் ஆடம்பர உணவகத்துக்காக 1958-இல் பெரிய பெரிய சிவப்புப் படங்களை வரையத் தொடங்கினார். பிறகு அங்கே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்பது 1970 பிப்ரவரியில் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் அவர் நியூயார்க்கில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைக் கேட்டவர்கள் அந்தச் சிவப்பில் சாவைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. படம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது, வரைந்தபோது அது வேறு ஏதோவாக இருந்திருக்கலாம். ஆகவே கதை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நான் சந்தேகப்படுவேன்.

மோண்ட்ரியான் ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் அபுதாபியில் வேலை செய்கிறார். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போனபோது அங்குள்ள லூவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். 1922-இல் வரைந்தது, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. போனில் பார்த்தால் கட்டம் போட்ட காகிதம், இதில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிடுவோம். எதிரே நின்றால் தூரிகை போன தடம் தெரிகிறது. வெள்ளை என்று நினைத்தது ஒரே வெள்ளை இல்லை, கட்டத்துக்குக் கட்டம் வேறு. ஸ்கேல் வைத்து அடித்தது என்று நினைத்திருந்த கோடு கையால் நிதானமாகப் பூசியது. எனக்கு ஒரு கதையும் அங்கே ஞாபகம் வரவில்லை. சின்னவன் "உம்மா, வா போகலாம்" என்று இழுக்கும்வரை நின்றேன்.

நேரில் பார்க்க முடியாதவர்களுக்கு என் யோசனை, கதைக்கு முன் அளவைச் சொல்லுங்கள். பிக்காசோவின் 'கெர்னிகா' உயரம் 3.49 மீட்டர், அகலம் 7.77 மீட்டர். சின்னவனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், மணலில் கம்பால் அந்த நீள அகலத்துக்குக் கோடு போட்டேன். உள்ளே நடந்து பார்த்தான். "இவ்வளவு பெரிதாக ஏன்?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் 1937 ஏப்ரல் 26 அன்று சந்தை நாளில் ஸ்பெயினில் உள்ள கெர்னிகா என்ற ஊரின் மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டதையும், பிக்காசோ பாரிசில் பத்திரிகையில் படித்துவிட்டு வரையத் தொடங்கியதையும் சொன்னேன். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் ஏன் இல்லை என்று அவன் கேட்கவில்லை. பத்திரிகைப் படம் அப்படித்தான் இருக்கும் என்று அவனே சொன்னான்.

தொண்டி டிராயிங் மாஸ்டர்:

காது விஷயத்தில் அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நான் சொன்னது கை செய்த வேலையின் கதை, ஆளுக்கு நேர்ந்த கதை அல்ல. ஒரு சான்று. வான்கோ 1882-இல் ஹாலந்தின் ஷெவெனிங்கன் கடற்கரையில் புயற்காற்றில் நின்று கடலை வரைந்தார். பறந்த மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலானதைச் சுரண்டி எடுத்தார், சில மணல் துகள்கள் இன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றன. 2002-இல் அதை ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடிவிட்டார்கள், 2016-இல் நேப்பிள்ஸ் பக்கம் கிடைத்தது. திருட்டுக் கதை பத்திரிகைக்கு நல்லது. மணல் கதை கண்ணுக்கு நல்லது.

கெர்னிகா அளவை மணலில் போட்டது அருமை. இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருக்கிறது.

மண்டபம் கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சூரியனை அழித்துப் பார்த்தேன். மாஸ்டர் சொன்னது நிஜம், வட்டம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல்தான் இருந்தது. ஆலையில் இருந்த நாலு பேரிடமும் காட்டினேன். லோடு ஏற்றுகிற தம்பி, "போன் கெட்டுப்போய்விட்டது அண்ணே" என்றான்.

தெற்கு ஜெட்டிக்கும் போனேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றதில், தலைசுற்றலா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். கிடைக்கோடு உடனே தெரிந்தது. நெடுக்குக் கோட்டுக்கு நேரமாயிற்று. வெயில் இன்னும் இறங்கிய பிறகு தண்ணீரில் துண்டு துண்டாக வெட்டியபோது, அங்கங்கே கூட்டல் குறி விழுந்தது. மறுபடி அந்தப் படத்தை எடுத்தால் முன்பு பார்த்ததாக அது இல்லை. பாராட்டத் தெரியவில்லை, ஆனால் அதோடு இருக்க முடிகிறது.

கெர்னிகாவை அம்மாவிடம் காட்டினேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் வீடு வாசல் இழந்து, சிறுமியாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் கதையைக் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. "விமானம் எங்கே?" என்றார். இல்லை. "குண்டு?" அதுவும் இல்லை. நானும் அதுவரை கவனிக்கவில்லை. பிறகு குதிரையின் நாக்கைப் பெரிதாக்கச் சொன்னார், அது ஆணி மாதிரி கூராக இருந்தது. மேலே எரிகிற பல்பைக் காட்டி, "இது பகலா, இரவா? வீட்டுக்குள்ளா, வெளியிலா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சந்தை நேரத்தில்தானே குண்டு விழுந்தது, பிறகு ஏன் பல்பு எரிகிறது? அம்மா இன்றைக்கும் அதையே கேட்கிறார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மகளிடம் தொலைபேசியில் துறைப்பாலத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பா, ஓரங்களைப் பார்த்தீர்களா? கோடுகள் ஏன் சட்டம் வரைக்கும் போகவில்லை?" என்றாள். நான் பார்க்கவில்லை. ஆனால் அது எங்கள் முதல் பத்து நிமிடம், நாற்பது நிமிடமாயிற்று.

பொங்கல் நாலு நாளில் வேறு ஒரு படத்துக்கும் இடம் இருக்கிறது. இந்த முறை அவளோடு சேர்ந்து கையால் ஏதாவது செய்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள் மாஸ்டர்.

தொண்டி டிராயிங் மாஸ்டர்:

பல்பு பற்றி அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா அந்தச் சண்டையில் தாராளமாகச் சேரலாம்.

கையால் செய்வதென்றால் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ். 1941-இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு நெடுநேரம் நின்று வரைய உடம்பு இடம் தரவில்லை. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்துகொண்டு கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினார். 1946-இல் பாரிஸ் வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் குருவி ஒன்றை வெட்டி, சுவரில் இருந்த ஒரு கறையை மறைக்க அதைக் குத்திவைத்தார். அதற்குத் துணையாக இன்னொன்று, பிறகு மீன், பாசி, பவளம், சொறிமீன் என்று சுவர் நிறைந்தது. 1930-இல் தாஹித்தித் தீவுக்குப் போய்ப் பார்த்த கடல், பதினாறு ஆண்டு கழித்து அந்தச் சுவரில் வெளிவந்தது. 'ஓஷியானியா, கடல்' என்று மகளிடம் கேளுங்கள், அனுப்புவாள்.

பாசியும் பவளமும் உங்கள் தெற்குக் கடலிலேயே இருக்கிறது. முன்கூட்டிப் பென்சிலால் வரையாமல், நேராகக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பசை வேண்டாம், குண்டூசி போதும். அவரும் வெட்டியதை நகர்த்தி நகர்த்தி வைத்துத்தான் பார்த்தார்.